உறுதியில் இருக்கும் பெயர்
கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்ணும் அவளது வீடும்

உயர்தர வகுப்பில் அகத்திணை படிப்பிக்கும் போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவது என் வழக்கம்: அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு. பெண்ணுக்குரிய குணங்கள் என்று வகுக்கப்பட்டவை இவை. தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் என்ற மூன்றையே சொல்கிறது, பயிர்ப்பு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று விளக்கிவிட்டு, பிள்ளைகள் கொப்பியில் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பேன். இருபது வருசமாக இப்படித்தான் நடந்து வருகிறது. போன தவணை ஒரு மாணவி எழுதாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"டீச்சர், மடம் என்டா தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கிறது என்டு சொன்னீங்க. எங்கட மூத்தம்மா அப்படி இருந்திருந்தா எங்களுக்கு ஊடு இருந்திருக்காதே."

கதையைக் கேட்டேன். வளவு மூத்தம்மாவின் பெயரில் இருந்திருக்கிறது. மூத்தப்பா கடன்பட்டு அதை விற்கப் பார்த்தாராம். மூத்தம்மா காணி உறுதியைத் தலகணிக்குள் வைத்துத் தைத்துவிட்டாவாம். கையொப்பம் கேட்டு நொத்தாரிசு வந்தபோது, "எனக்குக் கண் தெரியல்ல, ஒப்பம் வைக்க ஏலாது" என்று சொல்லி அனுப்பினாவாம். அதே கண்ணால்தான் அன்று பின்னேரம் பாய்க்குப் பன்னும் கிழித்தாவாம்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. நாம் இலக்கியத்தில் படிப்பிக்கும் பெண்ணும், எமது ஊர்களில் உறுதியைத் தைத்து வைத்த பெண்ணும் ஒருத்திதானா? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான மறுமொழியைத் தேடும் ஒரு முயற்சி.

வீடு யாருடையது

நாட்டின் பிற பகுதிகளில் இருந்து வரும் நண்பர்கள் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வியந்து கேட்கும் விடயம் ஒன்றுண்டு: "இங்க மாப்பிள்ளைதானே பொண்ணு ஊட்டுக்குப் போறார்?" ஆம். காத்தான்குடி, ஏறாவூர் தொடக்கம் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை இதுதான் வழக்கம். மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கும்போது வீடும் வளவும் அவளுக்குக் கொடுக்கப்படும். மூத்த மகள் கலியாணம் முடித்தால் பெற்றோர் பெரிய வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, அதே வளவில் பின்பக்கமாக ஒரு சின்ன வீடு கட்டி ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அந்தச் சின்ன வீடு பெரிதாக வளரும், அல்லது பக்கத்து வளவு வாங்கப்படும். இதனால் ஒரு வேலிக்குள் உம்மா, மகள்மார், பேத்திமார் என்று பெண்வழியாகவே குடும்பம் படரும். ராத்தாவின் குசினிப் புகை தங்கச்சியின் முற்றத்துக்கு வரும். வெளியில் இருந்து வந்து சேர்பவன் ஆண்தான்.

இதன் விளைவு சிறியதல்ல. புருசனோடு சண்டை வந்தால் இங்கு பெண் "உம்மா ஊட்டுக்குப் போறன்" என்று பெட்டி கட்டுவதில்லை. அவள் இருப்பதே உம்மாவின் வீடு. கோபித்துக்கொண்டு போக வேண்டியவன் ஆண். தலாக் நடந்தால் வெளியேறுபவனும் அவனே. மாமியாரின் கூரையின் கீழ் மருமகள் படும் பாடு என்று தமிழ்க் கதைகளும் சினிமாவும் காலங்காலமாகச் சொல்லி வரும் துயரம் எமது பகுதியில் அதிகம் எடுபடாமல் போனதற்கு இதுவே காரணம். எங்கள் ஊரில் மருமகன்தான் மாமியின் முகம் பார்த்து நடப்பான்.

1990 ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளை நாம் மறக்க முடியாது. அந்த மாதத்திலும் அதன் பின் வந்த யுத்த ஆண்டுகளிலும் கணவனை இழந்த பெண்கள் ஏராளம். அவர்களது இழப்பை எந்த வழக்கமும் ஈடு செய்துவிடாது. என்றாலும் இத்தா முடிந்து எழுந்தபோது தலைக்கு மேல் ஒரு கூரை இருந்ததும், அது தன் பெயரில் இருந்ததும், நாலு பக்கமும் சகோதரிகள் இருந்ததும் பலருக்குத் தாங்கு தடியாயின.

குடியும் கதையும்

இந்த வீட்டு வழக்கத்தின் வேர் குடி முறையில் இருக்கிறது. கிழக்கிலங்கைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருசேரக் காணப்படும் தாய்வழி அமைப்பு அது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தகப்பனின் குடியை அல்ல. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்பது பழைய விதி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்கார் இருந்தார். கந்தூரி வரி குடிவாரியாகச் சேர்க்கப்பட்டது. பொன்னாச்சி குடி, வரிசை நாச்சி குடி என்று பெண்ணின் பெயரைத் தாங்கிய குடிகள் இன்றும் எமது ஊர்களில் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இரு சமூகங்களின் குடி முறையையும் ஆராய்ந்து 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். எமது உம்மாமார் பாயில் இருந்து பேசிய விடயங்கள் அங்கே ஆய்வுப் பொருளாகியிருக்கின்றன.

இம்முறை எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு வாய்மொழிக் கதை உண்டு. முற்காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டதாம். முக்குவர் பக்கம் நின்று முஸ்லிம்கள் திமிலரைத் துரத்தினார்களாம். அந்த உதவிக்கு நன்றியாக முக்குவர் தம் பெண்களை மணமுடித்துக் கொடுத்தார்களாம். அப்படி வந்த பெண்கள் தம் குடியையும் கொண்டுவந்தார்களாம். இதோடு எழுத்தில் உள்ள செய்தி ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது அது. ஏற்கெனவே இருந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் இந்த மண்ணின் தாய்வழி வழக்கத்துக்குள் கலந்து வளர்ந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

முக்குவர் கதையைச் சிறு வயதில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வளர்ந்தபின் ஓர் இடறல். கதையில் பெண் யார்? வெற்றிக்குக் கிடைத்த பரிசு. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பேச்சும் இல்லை. ஆனால் அதே கதையால் விளக்கப்படும் வழக்கத்தில் பெண் யார்? வீட்டின் சொந்தக்காரி, குடியின் வேர். கதை சொன்னவர்கள் ஆண்கள்; அதனால் கதையில் பெண் ஒரு பொருளானாள். வாழ்க்கையிலோ பொருள் அவளுடையதாக இருந்தது. பள்ளிவாசலிலும் இதே முரண்தான். குடி பெண்வழி, அந்தக் குடிக்காகப் பேசும் மரைக்கார் ஆண்.

கவியில் பேசும் பெண்

வாயால் வந்த கதையில் பேசாத பெண் வாயால் வந்த பாட்டில் பேசினாள். வயல் வெட்டிலும், பாய் இழைக்கும் திண்ணையிலும், கலியாண வீட்டுக் குரவையோடும் பிறந்த எமது கிராமியக் கவிகளைச் சொல்கிறேன். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து இவற்றைத் திரட்டியிராவிட்டால் பாதிக்கு மேல் மௌத்தாகிப் போயிருக்கும்.

இக்கவிகள் பெரும்பாலும் நாலு வரிக்குள் அடங்குபவை. மச்சான் கேட்க மச்சி மறுமொழி சொல்வதாகவும், உம்மா மகளுக்குச் சொல்வதாகவும், மகள் உம்மாவிடம் குறைப்படுவதாகவும் அமைந்தவை. இவற்றில் வரும் பெண்ணைக் கவனியுங்கள். தன்னைப் பார்க்க வந்தவனை அவள் கேலி செய்வாள். சொன்ன நேரத்துக்கு வராதவனைத் திட்டுவாள். சீதனத்துக்கு ஆசைப்பட்டவனின் முகத்தில் அறைந்தாற்போல் ஒரு சொல் சொல்வாள். ஆசையையும் மறைக்க மாட்டாள். அதேவேளை மானத்துக்கும் மார்க்கத்துக்கும் கட்டுப்பட்டவள்தான். இங்கே நாணம் உண்டு. ஆனால் மடம் இல்லை. அச்சம் அல்லாஹ்வுக்கு மட்டும்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? இயல்பான குணம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குணம் என்பது நிற்கும் நிலத்தில் முளைப்பது. "இது என்ட ஊடு" என்று சொல்லக்கூடிய பெண்ணுக்கு வாய் திறக்கும். புருசன் வீட்டில் ஒண்டியிருப்பவள் சொல்ல அஞ்சுவதை இவள் நாலு பேர் கேட்கச் சொல்வாள். எமது கவிகளில் கேட்கும் அந்தக் குரலுக்கு அடியில் ஒரு வளவும் ஓர் உறுதியும் கிடக்கின்றன. இலக்கியம் படிக்கும் நாம் குரலை மட்டும் ரசித்துவிட்டு நிலத்தை மறந்துவிடுகிறோம்.

காவியமும் நாவலும்

எழுத்திலக்கியத்துக்கு வருவோம். முஸ்லிம் தமிழ்க் காப்பியங்களில் தலையாயது உமறுப் புலவரின் சீறாப்புராணம். அதன் விலாதத்துக் காண்டத்தில் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு உரிய இடம் உண்டு. வரலாறு காட்டும் கதீஜா (ரலி) யார்? மக்காவின் செல்வ வணிகர். தமது சரக்கைப் பொறுப்பாகக் கொண்டு செல்ல நம்பிக்கையான ஒருவரைத் தேடி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் ஷாம் நாட்டுக்கு அனுப்பியவர். திரும்பி வந்தபின் அவர்களது நேர்மையை எடைபோட்டு, திருமண விருப்பத்தைத் தாமே முதலில் தெரிவித்தவர். அதாவது முதலில் சொத்துக்காரி, பிறகு முடிவெடுத்தவர், பிறகு மனைவி.

உமறுப் புலவர் இதை மறைக்கவில்லை. ஆனால் தமிழ்க் காப்பிய மரபுக்கென்று ஒரு கட்டு இருக்கிறது. தலைவி என்றால் கனவு காண வேண்டும், ஏங்க வேண்டும், மெலிய வேண்டும். கதீஜா கனவு கண்ட படலம் என்றே ஒரு படலம் அமைந்துவிட்டது. அந்த அழகில் மயங்கி நாம் வகுப்பில் வருணனையை விளக்குகிறோம். வணிகரை ஒரு வரியில் கடக்கிறோம். குற்றம் புலவரிடம் இல்லை, படிப்பிக்கும் எங்களிடம் இருக்கிறது.

1885இல் அறிஞர் சித்திலெப்பை 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுவது அது. முஸ்லிம் நேசனை நடத்தி, பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் குரல் கொடுத்த பெருமகன் அவர். நாவலோ எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது. எமது வளவுக்குள் அது வரவில்லை. அக்காலத்து வீரசாகசக் கதை அப்படித்தான் இருக்கும், அதை இன்று குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் அதன்பின் வந்த நாமும் வளவுக்குள் போதுமான அளவு போகவில்லை. எமது சிறுகதைகளில் சீதனக் கொடுமையால் கண்ணீர் வடிக்கும் குமர்ப்பிள்ளை நூறு முறை வந்திருக்கிறாள். உறுதியைத் தலகணிக்குள் வைத்துத் தைத்தவள் எத்தனை முறை வந்திருக்கிறாள்?

அரச கடதாசி

இலக்கியம் மறந்ததை அரசாங்கக் கடதாசியும் மறந்தது. அதன் விளைவு கண்ணீரோடு நிற்கவில்லை, காணியிலும் தெரிந்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இந்நாட்டின் குடியேற்றத் திட்டங்களில் அரச காணிகள் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டன. காணி குடும்பத் தலைவருக்கு. தலைவர் என்றால் ஆண். பின்னுரித்தாளரை நியமிக்காமல் அவர் இறந்தால் உரிமை செல்லும் வரிசையைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொன்னது. அதில் மகள்மாருக்கு முன் மகன்மார் நின்றார்கள். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து எமது பகுதியில் கொலனிகள் எழுந்தபோது, தாய்வழியாக வீடு கடந்து வந்த மண்ணில் மகன்வழிக் காணி முளைத்தது. 2022இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு ஆண் பெண் பேதம் நீக்கப்பட்டது. இடையில் 87 வருசங்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 10,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களின் கடற்கரைப் பக்கம் தரைமட்டமானது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை சீதன வீடுகள். பெண்களின் பெயரில் இருந்தவை. அதன்பின் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்கு விதி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அந்த எல்லைக்குள் இருந்த பெண்களின் வளவுகள் ஒரு கடதாசியால் வெறும் மணலாகின. மாற்று வீடு கொடுக்க வந்தபோது படிவம் கேட்டது: குடும்பத் தலைவர் யார்? எழுதுபவரும் யோசிக்கவில்லை, சொல்பவரும் யோசிக்கவில்லை. ஆணின் பெயர் விழுந்தது. பெண்ணின் பெயரில் இருந்த வீடு கடலோடு போக, ஆணின் பெயரில் புதிய வீடு வந்தது. பெண்கள் அமைப்புகள் இதைச் சுட்டிக்காட்டிப் பேசின, ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அந்நாட்களில் எமது ஊர் முகாமில் தொண்டராகப் படிவம் நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. எத்தனை படிவங்களில் நானே "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் ஆணின் பெயரை எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் மனம் குறுகுறுக்கிறது. நான் அப்போது வாழ்ந்ததும் இன்று வாழ்வதும் என் உம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டில்.

கைக்கூலியும் வீடும்

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: "சீதனத்தைப் புகழ்கிறீர்களா?" இல்லை.

வீட்டு வழக்கத்தின் மறுபக்கம் கொடியது. நாலு குமர்ப்பிள்ளைகளைப் பெற்ற வாப்பா நாலு வீடு கட்ட வேண்டும். தங்கச்சிமாரைக் கரைசேர்க்கும்வரை காக்காமார் தலை நரைக்கக் காத்திருப்பார்கள். வீட்டுக்குக் கல் வாங்குவதற்காகவே மத்திய கிழக்கில் அடுப்படி வேலைக்குப் போய் இளமையைத் தொலைத்த உம்மாமாரையும் ராத்தாமாரையும் நாம் அறிவோம். ஒரு காலத்தில் ஓலை வீடும் வளவுமாக இருந்தது, இன்று மாடி வீடும் காசும் வாகனமுமாகப் பெருத்துவிட்டது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெண்ணின் பெயரில் எழுதப்படும் வீடு வேறு. மாப்பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் காசு வேறு. பின்னதற்கு எமது சட்டத்தில் கைக்கூலி என்று பெயர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இச்சொல்லைத் தமிழ்ச் சொல்லாகவே எடுத்தாள்கிறது. பெண்ணின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் காசோ அசையும் பொருளோ கைக்கூலி என்பது அதன் கருத்து. பெண்ணின் உபயோகத்துக்காக! அவள் காதி நீதிபதியிடம் கேட்டு அதைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. கைக்கூலியை வாங்கிக் கடை போட்ட எத்தனை மாப்பிள்ளைமாருக்கு இது தெரியும்? அதைவிட, எத்தனை மணப்பெண்களுக்குத் தெரியும்?

இன்று எமது வாலிபர்கள் சிலர் "சீதனம் வேண்டாம், மஹர் கொடுத்து முடிப்போம்" என்று முன்வருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரியட்டும். கைக்கூலி ஒழிய வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் பெண்ணின் வீடும் சேர்த்து ஒழிந்துவிடக் கூடாது. காசு வாங்காத மாப்பிள்ளை வீட்டைத் தன் பெயரில் கட்டி, அதில் மனைவியை இருத்தினால், நாளை ஒரு சொல்லில் அவள் தெருவுக்கு வரலாம். எமது மூத்தம்மாமார் அந்த நிலையில் இருக்கவில்லை. பெற்றோரும் உறவினரும் விட்டுச்செல்வதில் ஆணுக்குப் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்று சூரத்துன் நிஸா சொல்கிறது. பெண்ணின் சொத்து பெண்ணுடையது என்பதில் மார்க்கத்துக்குச் சந்தேகமில்லை. வீட்டை வாப்பா கட்டினால் என்ன, புருசன் கட்டினால் என்ன, மஹராகவே வந்தால் என்ன? அவள் பெயரிலும் அது இருக்க வேண்டும். சீதனத்தை ஒழிப்பவர்கள் இந்த ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தால்தான் சீர்திருத்தம் முழுமை பெறும்.

ஒரு கையொப்பம்

வேறொரு முரணையும் சொல்லி முடிக்கிறேன். என் உம்மா வீட்டை எனக்கு நன்கொடை உறுதியாக எழுதியபோது, "ஏற்றுக்கொண்டேன்" என்று நான் நொத்தாரிசின் முன் கையொப்பம் வைத்தேன். அதே மாதத்தில் எனக்கு நிக்காஹ் நடந்தது. பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையொப்பம் வைத்தார். எனக்காக என் வாப்பா வலியாகக் கையொப்பம் வைத்தார். நான் உள் அறையில் இருந்தேன். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. ஒரு வீட்டை ஏற்றுக்கொள்ள என் கை வேண்டியிருந்தது. ஒரு வாழ்க்கையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சட்டத் திருத்தம் பற்றிப் பல வருசமாகப் பேசுகிறோம். பேசும்போது, எமது பெண்கள் கையொப்பம் வைக்கத் தெரியாதவர்கள் அல்ல, தலைமுறை தலைமுறையாக உறுதிகளில் ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வைத்தவர்கள் என்பதை நினைவில் கொண்டால் நல்லது.

ஆய்வில் ஆர்வமுள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய உறுதிகள் இருக்கும். பள்ளிவாசலில் பழைய குடிப் பட்டியலும் கந்தூரிக் கணக்கும் இருக்கலாம். கறையான் தின்ன முன்னர் அவற்றைப் படியெடுங்கள். எமது பெண்களின் வரலாறு பாட்டில் பாதியும் அந்தக் கடதாசிகளில் பாதியுமாகக் கிடக்கிறது.

கரும்பலகையில் இப்போதும் அந்த நாலு குணங்களையும் எழுதுகிறேன். பரீட்சைக்கு வரும், எழுதாமல் விட ஏலாது. ஆனால் ஒரு பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கிறேன்: நீங்கள் இருக்கும் வீடு யார் யார் பெயரில் இருந்து வந்தது என்று உம்மாவிடம் கேட்டு எழுதி வாருங்கள். முதல் தடவை ஆண்பிள்ளைகள் பலர் வாப்பாவின் பெயரோடு நின்றார்கள். தலகணிக் கதை சொன்ன அந்தப் பிள்ளை ஐந்து பெயர்கள் கொண்டுவந்தாள். ஐந்தும் பெண்கள். ஐந்தாவது பெயருக்குரியவரைப் பற்றி அவளது உம்மாவுக்கு வேறொன்றும் தெரியாதாம். வளவில் நிற்கும் புளியமரம் அவ வைத்தது என்பதைத் தவிர.